மஞ்சள் எச்சரிக்கை

அந்த வருடம் சைக்கிள் பந்தயம் திரேவாலுக்கு வருவதாக இருந்தது. நாட்டைச் சுற்றிவரும் பெரிய பந்தயம் அது. அதில் ஒரு நாள் ஓட்டம் திரேவால் தேவாலயத்தின் வாசலில் முடிய வேண்டும் என்று இரண்டு வருடமாக அலைந்து ஏற்பாடு செய்தவன் எர்மெஸ். ஊரில் இருந்த ஒரே தங்கும் விடுதி அவனுடையது. பந்தயம் நடத்துபவர்களை வரவழைத்து மான் கறியும் வைனும் கொடுத்துக் கொடுத்து அவன் அந்தச் சம்மதத்தை வாங்கியிருந்தான். ஊர் தடபுடலாகத் தயாரானது. ஜன்னல் கதவுகளுக்குப் புதுப் பச்சை வர்ணம் அடித்தார்கள். மேயர் ஜெலிந்தோ தேவாலயத்து மணிக்கூண்டில் நின்றுபோன கடிகாரத்தைக்கூட ஓட வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் அவர்களிடமிருந்து ஆள் வந்து, மன்னிக்க வேண்டும், முடியாது என்றான். ஊருக்கு மேலே நிற்கும் மொந்தாஸ் மலை நகர்கிறது, அத்தனை கூட்டத்தை அதன் அடியில் கொண்டுவந்து நிறுத்த எங்களால் முடியாது என்றான்.

"எந்தக் கழுதை சொன்னான் நகருதுன்னு?" என்றார் ஜெலிந்தோ.

ஆள் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். போர்ச்சுகல் முதல் பின்லாந்து வரை எல்லா நாடுகளும் தங்கள் நிலத்தின் அளவுகளைக் கொண்டுபோய்ப் போட்டுவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நிலம் எங்கே அமுங்குகிறது, எங்கே வழுக்குகிறது என்பதெல்லாம் அதில் புள்ளிகளாகத் தெரியும். மொந்தாஸின் முகத்தில் அம்மை போட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளை அங்கே அனுப்பியவள் எர்மெஸின் தங்கை நிவேஸ்.

நிவேஸ் மண்டலத் தலைநகரில், நிலவியல் அலுவலகத்தில் இருந்தாள். மொந்தாஸின் பாறைகளில் இரும்பு முளை அடித்து, உள்ளங்கை அகலக் கண்ணாடிகளைப் பொருத்தியவளும் அவள்தான். எதிர்மலையில் ஒரு கருவி நின்று ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒளியை அனுப்பித் தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். அந்த எண்கள் அவள் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து பொதுக் களஞ்சியத்துக்குப் போகும்.

எர்மெஸ் அன்றே போன் செய்தான்.

"நீயா போட்டே?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. பொறந்த ஊரை ஊர் உலகத்துக்கு முன்னால அம்மணமா நிக்க வெச்சிருக்கியே, அதை."

"நான் உக்காந்து போடறதில்ல எர்மெஸ். கருவி அளக்குது, தானாப் போகுது. எல்லா நாட்டுலயும் இப்படித்தான். நமக்கு ஆபத்துன்னா பக்கத்து நாட்டுக்காரனும் பாத்துச் சொல்லணும்னுதானே..."

"எடுத்துடு."

"எடுக்க முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

நிவேஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாட்டேன்" என்றாள்.

அன்றிலிருந்து திரேவாலில் அவள் பெயர் 'டாக்டரம்மா' ஆயிற்று. படித்தவர்களை அப்படி அழைப்பது அந்த நாட்டில் மரியாதை. திரேவாலில் அதை இருமலுக்கும் துப்பலுக்கும் நடுவில் சொன்னார்கள். கருவிகளைப் பார்க்க அவள் வரும்போது காப்பிக் கடையில் மிஷின் ரிப்பேராகிவிடும். அவள் காரின் கண்ணாடியில் யாரோ மாட்டுச்சாணியை அப்பிவிட்டுப் போனார்கள். "மலை நகந்து வந்து போட்டிருக்கும் டாக்டரம்மா, அளந்து பாருங்களேன்" என்றான் கடைவாசலில் நின்ற ஒருவன்.

எர்மெஸின் மனைவி வில்மா மட்டும் மாறவில்லை. சமவெளியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். சிரித்தால் விடுதியின் மாடி வரை கேட்கும். பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மொறுமொறுவென்று பொரித்த ஃப்ரிகோவைத் துணியில் சுற்றிப் பின்வாசல் வழியாக நிவேஸின் காருக்குக் கொண்டுவந்து கொடுப்பாள்.

"உங்கண்ணனுக்குத் தெரிய வேண்டாம். தின்னுட்டுத் தட்டை மட்டும் திருப்பிக் குடு. போன தடவை தட்டு போயே போச்சு."

"அவனுக்கு இன்னும் கோவம் தீரலியா?"

"கோவமா? ஜன்னலுக்கு அடிச்ச பச்சை வர்ணத்தைப் பாத்தாலே அழறான். விடு, புது வருஷம் வந்தா புதுப் பைத்தியம் பிடிக்கும்."

தவக்காலத்தின் நடுவியாழன் வந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் அன்று கிழவி கொளுத்துவார்கள். வைக்கோலில் ஒரு கிழவியைச் செய்து, அந்த வருடத்தின் கெடுதிகளையெல்லாம் அவள் தலையில் போட்டு, ஊர் நடுவில் விசாரணை வைத்து, பாட்டாகத் தீர்ப்புப் படித்து, எரிப்பார்கள். சிறுபிள்ளைகள் முதல் பாதிரியார் வரை எல்லோரும் சிரிக்க வரும் நாள்.

அன்று காலையிலிருந்து மொந்தாஸின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகப் பதில் தராமல் போயின. மதியத்துக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. பனி மூடியிருக்கலாம் என்று நினைத்தாள் நிவேஸ். பனி மூடினால் எல்லாம் ஒரேயடியாகப் போகும், இப்படி வரிசையாகப் போகாது என்பதும் அவளுக்குத் தெரியும். காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

அவள் போய்ச் சேரும்போது அந்தி. தேவாலயத்து முன்னால் விறகு அடுக்கி, மேலே கிழவியை உட்கார வைத்திருந்தார்கள். கிழவிக்கு மஞ்சள் மழைக்கோட்டு, தலையில் அலுவலக ஹெல்மெட். மழைக்கோட்டு நிவேஸுடையது, போன வருடம் எர்மெஸ் வீட்டில் மறந்துவிட்டு வந்தது. கிழவியின் கழுத்தில் ஒரு மாலை. பிடுங்கிய கண்ணாடிகளைக் கம்பியில் கோத்துக் கட்டிய மாலை.

நீதிபதித் தொப்பி வைத்துக்கொண்டு தீர்ப்புப் படித்தவன் எர்மெஸ். குடித்திருந்தான். ஆனால் வரி தடுமாறவில்லை.

"மலை ஓடுதுன்னு மகராசி சொன்னா,
மலை நிக்குது, மாப்பிள்ளை ஓடினான்!
பந்தயம் ஓடுச்சு, பவுசும் ஓடுச்சு,
இவ கண்ணு பட்டா கல்லும் ஓடும்!"

கூட்டம் கைதட்டியது. நிவேஸின் கணவன் அவளை விட்டுப் போனது ஊரறிந்த கதை. அதை அவள் எப்போதோ விழுங்கிவிட்டாள். கூட்டத்தின் ஓரத்தில் அசையாமல் நின்றாள். அப்போது எர்மெஸ் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளில் இல்லாத இரண்டு வரிகளைச் சொன்னான்.

"மண்ணு நழுவும்னு சொன்னவ மடியில
தங்கின புள்ளையும் நழுவிப் போச்சு!"

ஒரு மூச்சு நேரம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான், அதைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தக் குழந்தை ஆறாம் மாதத்தில் போனபோது ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் எர்மெஸ்தான். யாரிடமும் சொல்லாதே என்று அவன் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அவனும் இத்தனை வருடம் வில்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

ஜெலிந்தோ தீப்பந்தத்தை வைத்தார். வைக்கோல் திகுதிகுவென்று பிடித்தது. சூட்டில் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெடிப்பதைக் கேட்டுவிட்டு நிவேஸ் காருக்குத் திரும்பினாள்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் போன் அடித்தது. எல்லைக்கு அப்பால், ஸ்லோவேனியாவில் இதே வேலை பார்க்கும் தாரிங்கா. இருவரும் ஒருவர் அளவை ஒருவர் பார்த்துப் பத்து வருடப் பழக்கம்.

"உன் கண்ணாடியெல்லாம் எங்கடி போச்சு?"

"எரிஞ்சு போச்சு."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன். நீ எதுக்குக் கூப்பிட்டே?"

"உன் பக்கம் இருட்டா இருக்கேன்னு நான் செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பாத்தேன். போன வாரத்துப் படத்தையும் இன்னிக்கு வந்ததையும் வெச்சுப் பாரு. எங்க நிலநடுக்கக் கருவிக்கும் உன் மலையிலிருந்து சின்னச் சின்ன அதிர்வு வருது, நாலு நாளா. எல்லாத்தையும் களஞ்சியத்துல போட்டுட்டேன். நிவேஸ், அது இத்தனை வருஷம் ஊர்ந்துச்சு. இப்ப நடக்குது."

நிவேஸ் திறந்து பார்த்தாள். தாரிங்கா மிகைப்படுத்தவில்லை. எர்மெஸின் வீடும் இருந்த ஊரின் மேல்வரிசைக்கு நேர் மேலே, மலையின் தோள் ஒரே துண்டாகக் கழன்றுகொண்டிருந்தது.

"உடனே போன் பண்ணி ஜனங்களை எறக்கு" என்றாள் தாரிங்கா. "இப்பவே."

"பாத்துக்கறேன்."

விதிப்படி இரண்டு வழி இருந்தது. சிவப்பு எச்சரிக்கை என்றால் நிவேஸ் கையெழுத்திட்ட நிமிடமே பேரிடர்ப் படை லாரிகளோடு மேலே போகும், சங்கு ஊதும், வீடு வீடாக ஆட்களை இறக்கும். மஞ்சள் எச்சரிக்கை என்றால் ஊராட்சி அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் ஓர் அறிவிப்பு. கவனமாக இருக்கவும் என்று. மலையில் சொந்தக் கருவி இல்லாதபோது, வானத்திலிருந்து எடுத்த அளவை மட்டும் வைத்துச் சிவப்பு கொடுக்கும் கட்டாயம் அவளுக்கு இல்லை. கொடுக்கலாம், அவள் முடிவு. கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை.

திரேவால் ஊராட்சி அலுவலகம் வெள்ளி மதியம் பூட்டினால் திங்கள் காலைதான் திறக்கும். பூட்டிச் சாவியை ஜெலிந்தோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காப்பிக் கடைக்குப் போய்விடுவார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மஞ்சளை அனுப்பினாள்.

யாரும் சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மலைக்கு இன்னும் ஒரு வாரமாவது தவணை இருக்கும் என்று கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை சிவப்புத் தாளோடு தானே போவது, பட்டப்பகலில் அத்தனை பேரும் மெத்தையும் மூட்டையுமாகத் தெருவில் இறங்குவதைப் பார்ப்பது, எர்மெஸ் தன்னிடம் வந்து எந்தப் பாதையில் போவது என்று கேட்பது. கேட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. இதையெல்லாம் நினைக்க நினைக்க அவளுக்கு நாக்கில் இனித்தது. அதுவரை மூன்று இரவு அவர்கள் ஒன்றும் தெரியாமல் தூங்கட்டும்.

சனிக்கிழமை பெருமழை. மேலே பனியும் கரைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வில்மா போன் செய்தாள்.

"நிவேஸ், நான்தான். அன்னிக்கு நான் வரல. சத்தியமா வரல. ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன்."

"தெரியும் வில்மா."

"அந்தப் புள்ளை பேச்சை எடுத்தான்னு அப்புறமா பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. வீட்டுக்கு வந்தவன் மேல வாணலியைத் தூக்கி அடிச்சேன். நெத்தியில மூணு தையல். கதவுல இடிச்சுக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான், நீ கேட்டா நீயும் நம்பற மாதிரி இரு."

நிவேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் வில்மா. "சமையக்கட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது. நேத்து அடியில இழைச்சு விட்டேன், இன்னிக்கு மறுபடியும் உரசுது. தரையில ஓடு ஒண்ணு தானா வெடிச்சு மேல எழும்பி நிக்குது. மழையினாலயா, இல்ல..."

நிவேஸுக்கு உடனே புரிந்தது. வீடு முறுக்கிக்கொள்கிறது. தவணை ஒரு வாரம் இல்லை. வில்மா, கோட்டைப் போட்டுக்கொண்டு இப்போதே கீழே இறங்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் போனுக்குள் எர்மெஸின் குரல் கேட்டது. பின்னால் எங்கோ நின்றுகொண்டு உரக்கக் கத்தினான். "யாருகிட்ட பேசறே? டாக்டரம்மாகிட்டயா? மலை இப்ப எது வரைக்கும் போயிருக்குன்னு கேளு! பந்தயத்துல ஜெயிச்சிருச்சான்னு கேளு!" அவனோடு இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"மழைதான் வில்மா" என்றாள் நிவேஸ். "மரம் ஊறிப்போயிருக்கும். திங்கக்கிழமை நானே வந்து பாக்கறேன்."

"வா, வா. ஃப்ரிகோ போட்டு வெக்கறேன். இந்தத் தடவை உள்ள உக்காந்து சாப்பிடறே, காருல இல்ல. அவன் ஏதாச்சும் சொன்னா இன்னொரு வாணலி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் பூசைக்குப் போயிருந்தது. எர்மெஸ் தேவாலயத்தை ஒட்டிய கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். பூசைப் பாட்டின் நடுவே ஜன்னல்கள் அதிர்ந்தன. வெளியே ஓடிவந்தவர்கள் பார்த்தபோது மேல்வரிசை வீடுகள் இருந்த இடத்தில் மரமும் பாறையும் சேறும்தான் இருந்தன. மொந்தாஸின் தோள் போயிருந்தது. மேல்வரிசைக்காரர்கள் எல்லோரும் கோயிலிலோ கடையிலோ இருந்தார்கள். வில்மா மட்டும் மதியச் சமையலுக்காக வீட்டில் இருந்தாள்.

நிவேஸ் போய்ச் சேரும்போது எர்மெஸ் சேற்றுக்குள் முழங்கால் வரை நின்று வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். நகங்கள் பிய்ந்திருந்தன. மீட்புப் படையினர் இழுத்துப் பார்த்தும் வரவில்லை. நெற்றியில் தையல் பிரிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவளைப் பார்த்ததும், "வில்மா உள்ள இருக்கா, எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்னு சொல்லு, உனக்குத் தெரியும்ல, சொல்லு" என்றான். அவள் ஓர் இடத்தைக் காட்டினாள். அவன் அங்கே போய்த் தோண்டினான்.

மூன்றாம் நாள் அவள் காட்டிய இடத்தில்தான் வில்மாவை எடுத்தார்கள்.

ஒரே ஒரு உயிரோடு போயிற்று, ஊர் கொடுத்துவைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. சவ அடக்கத்தன்று ஜெலிந்தோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிவேஸின் முன் வந்து நின்றார். "நீ சொன்னே, நாங்க கேக்கல" என்றார். சாணி அப்பியவனும் வந்தான். சிரித்தவர்களும் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். அவள் எல்லோருக்கும் கையைக் கொடுத்தாள்.

எர்மெஸ் கல்லறை மதிலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தக் கண்ணாடியைப் பிடுங்காம இருந்திருந்தா," என்று ஆரம்பித்தான். முடிக்க முடியவில்லை.

நிவேஸ் காத்திருந்தாள்.

"முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அவளை எறக்கியிருக்கலாமா?"

"எறக்கியிருக்கலாம்."

அவன் தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கிழமை உங்கிட்டப் பேசினாளே, என்ன சொன்னா?" என்றான்.

"உனக்காக மன்னிப்புக் கேட்டா."

"அவ்வளவுதானா? சமையக்கட்டுக் கதவைப் பத்தி உங்கிட்டக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தா. கேக்கலியா?"

"இல்ல. கேட்டிருந்தா அப்பவே கிளம்பி வந்திருப்பேனே."

எர்மெஸ் தலையாட்டினான். "மறந்திருப்பா. நான்தான் குறுக்க கத்தினேன்" என்றான். பிறகு அவள் தோளில் சாய்ந்து அழுதான். நிவேஸ் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

விசாரணை வந்தது. அரசு வழக்கறிஞர் நிவேஸின் அலுவலகத்தில் அரை நாள் இருந்தார். வெள்ளிக்கிழமையே அறிவிப்புப் போயிருக்கிறது, விதியில் சொன்னதற்கு ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை என்று சொல்லி நன்றி கூறிவிட்டுப் போனார். கண்ணாடி பிடுங்கிய குற்றத்தை எர்மெஸ் தானாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டான். கூட வந்த இளைஞர்கள் பெயரைக் கேட்டபோது, "யாருமில்ல, நான் ஒருத்தன்தான்" என்றான். அவனுக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அவன் ஜெயிலுக்கு அனுப்புங்கள் என்று நீதிபதியிடம் கெஞ்சினான் என்று பேசிக்கொண்டார்கள்.

இலையுதிர் காலத்தில் களஞ்சியக்காரர்கள் ஒரு பெரிய கூட்டம் நடத்தினார்கள். கருவிகள் அழிந்த பிறகும் பக்கத்து நாட்டு அளவுகளால் ஒரு மலையின் அசைவு தெரியவந்தது என்பதற்குத் திரேவாலை உதாரணமாகக் காட்டினார்கள். நிவேஸ் மேடையேறிப் பேசினாள். நன்றாகப் பேசினாள். கைதட்டல் ஓய்ந்து கீழே இறங்கியபோது தாரிங்கா நடைவழியில் நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கிட்டச் சொன்னேன். நீ போன் பண்ணினியா?"

"அறிவிப்பு அனுப்பினேன்."

"நான் அதைக் கேக்கல."

"விதிப்படி..."

"என்ன கலர் அனுப்பினே நிவேஸ்?"

நிவேஸ் கையிலிருந்த பேச்சுத் தாள்களை மடித்தாள். தாரிங்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவளிடமிருந்து எண்கள் மட்டும் வந்தன. ஒரு வாரமும் தவறாமல் வந்தன. கூட ஒரு வார்த்தை வந்ததில்லை. அவள் வேறு யாரிடமும் எதுவும் சொன்னதாகவும் தெரியவில்லை.

எர்மெஸுக்குத் திரேவாலில் இருக்கப் பிடிக்கவில்லை. நிவேஸ் இருந்த நகரத்துக்கே வந்து, அவள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வருவான். காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வருவான், கொடுத்ததைச் சாப்பிடுவான், பாத்திரம் கழுவிக் கொடுப்பான். மெலிந்து, குரல் தணிந்து, எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் ஆளாகிவிட்டான். அக்கம்பக்கத்தில், இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும், சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைக்கும் வேளையில், அவன் கேட்பான்.

"அந்தக் கண்ணாடி இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பா, இல்ல?"

இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்பது நிவேஸுக்குத் தெரியும். சில ஞாயிறுகளில் அது நாக்கு நுனி வரை வந்ததும் உண்டு.

"பொழைச்சிருப்பா" என்பாள். பிறகு அவனுக்குக் காப்பி ஊற்றுவாள்.